எஸ்தரின் ஸ்கூட்டியை நான் இடித்தது பற்றி

மகன் டில்லிக்கு, நைனா,

இதைப் போனில் சொல்லலாம் என்று நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு, அழுத்தாமலே வைத்துவிட்டேன். நான் போனில் பேசினால் உனக்குக் கத்துவது போல இருக்கிறது. நீ பேசினால் எனக்கு நீ பாதியை முழுங்கிவிட்டுப் பேசுவது போல இருக்கிறது. அந்தப் பாதியில்தான் நமக்குள் சண்டை வருகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். லீவு லெட்டரைத் தவிர நான் வேறு எதையும் எழுதிப் பழகாதவன். முன்னும் பின்னுமாக இருக்கும். கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் படி. எனக்கும் இப்போது கோபம் இல்லை. அலுப்புதான் இருக்கிறது.

அன்றைக்கு நீ என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "உண்மைய சொல்லுப்பா. அது எஸ்தர் வண்டின்னு தெரிஞ்சேதானே இடிச்ச?" நான், "சென்சார் வேல செய்யலடா, கத்தவே இல்ல" என்றேன். "சென்சார் மேல பழி போடாத" என்று நீ போனை வைத்துவிட்டாய். அந்தக் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அது அன்றைக்கு நான் சொன்ன பதில் இல்லை.

அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்று நீ எஸ்தரின் வாயால் கேட்டிருப்பாய். என் பக்கமும் கேள். நீங்கள் இரண்டு பேரும் செங்கல்பட்டுக்குத் தனிக்குடித்தனம் போன பிறகும், உன் அம்மா எனக்குத் தெரியாமல் மருமகளோடு போனில் பேசிக்கொண்டுதான் இருந்தாள். குழம்புத் தூள் அரைத்து வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொண்டு போ என்று கூப்பிட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் புதுப்பட்டினம் வரைக்கும் வெயிலில் வந்திருக்கிறாள். நான் அப்போது மோட்டாருக்கு ஒரு சாமான் வாங்க மாமல்லபுரம் கிளம்பிக்கொண்டிருந்தேன். கேட்டுக்குள்ளே, காருக்கு நேர் பின்னால், ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அவள் பக்கவாட்டில் நடந்து வந்திருக்கிறாள். நான் காரில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். "மாமா, பின்னாடி என் வண்டி நிக்குது" என்று சொன்னாளாம். பின்னால் காலிதானே என்ற நினைப்பில் நான் கண்ணாடியைப் பார்க்காமல் ரிவர்ஸ் போட்டு எடுத்தேன். நொறுங்கின சத்தம் கேட்டுத்தான் பிரேக்கை மிதித்தேன்.

இறங்கினதும் முதலில் கண்ணில் பட்டது ஸ்கூட்டிதான், அவள் இல்லை. "எவன்டா நடு வழியில வண்டிய வுட்டது?" என்று கத்தினேன். திரும்பினால் அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குனிந்து பம்பரைப் பார்த்தேன். ஸ்கூட்டியை விட்டுவிட்டு எனக்குப் பம்பர் பெரிதாகப் போயிற்று என்று அவள் நினைத்திருப்பாள். அம்மா குழம்புத் தூளோடு வெளியே வருவதற்குள் அவள் பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாள்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டினவன் நான். செங்கல்பட்டு டிப்போவில் என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேள், ரிவர்ஸில் ஒரு கோழிக்குஞ்சைக் கூட நசுக்கினவன் இல்லை என்பார்கள். இந்தக் காரை நீ வாங்கி, பின்னால் சென்சார் இருக்கிறது என்று காட்டியபோது, "ஓட்டத் தெரியாதவனுக்கு வெச்சதுடா இது" என்று சிரித்தேன். நீ காரை எங்களிடம் விட்டுவிட்டுப் போன பிறகு, நான் ஓட்டும்போது அது ஒரு தடவை கூடக் கத்தவில்லை. நான் அவ்வளவு சுத்தமாக ஓட்டுவதால்தான் கத்தவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதே.

ஆகவே சென்சார்தான் கெட்டுப்போயிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை நிரூபித்து, படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டால் நீ பேசாமல் இருப்பாய் என்று எண்ணினேன். மெக்கானிக்கிடம் விட்டால் அவன் ஒன்றைச் சொல்லுவான், நீ வேறொன்றைச் சொல்லுவாய். நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன். யாரோ ஒரு பையன் போட்ட வீடியோவை உன் அம்மாவின் போனில் பார்த்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, ரிவர்ஸ் கியரில் வைக்க வேண்டும். பம்பரில் ரூபாய்க் காசு அளவுக்கு நாலு வட்டம் இருக்கிறதே, அதுதான் சென்சார். வேலை செய்கிற சென்சார் உள்ளே மெல்ல டிக் டிக் என்று துடிக்குமாம். காதைக் கிட்டே வைத்தால் கேட்கும், இல்லாவிட்டால் விரலை வைத்துப் பார் என்றான் அந்தப் பையன்.

முதலில் பம்பரைத் துடைத்தேன். நம் ஊர்க் காற்றுக்கு எதுவும் தப்பாது என்று உனக்குத் தெரியும். ஜன்னல் கம்பியைத் தின்கிற உப்பு சென்சாரை மட்டும் விட்டுவிடுமா. பழைய பல் பிரஷ்ஷால் நாலு வட்டத்தையும் சுற்றித் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தேன். பிறகு மண்டி போட்டு, ஒவ்வொன்றாகக் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. விரலை வைத்தேன். மூன்று துடித்தன, எறும்பு ஊர்வது போல. வலது ஓரத்தில் இருந்த ஒன்று மட்டும் செத்துக் கிடந்தது. அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் உனக்கு வெட்கமாக இருக்கும். கீழே படுத்து, கையை மேலே விட்டு, அந்த ஒயரின் சாக்கெட்டைக் கழற்றினேன். உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உப்புத்தாளால் மெதுவாகச் சுரண்டித் துடைத்து மாட்டினேன். அதுவும் துடிக்க ஆரம்பித்தது.

ஆனால் ஸ்கூட்டி நின்றது ஓரத்தில் இல்லை, நட்ட நடுவில். நடுவில் இருந்த இரண்டும் முதலிலிருந்தே நன்றாகத்தான் துடித்தன. இது என் மனதுக்குத் தெரிந்தது, தெரியாத மாதிரி இருந்தேன். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து காருக்குப் பின்னால் வைத்தேன். உள்ளே போய் உட்கார்ந்தேன். சத்தம் இல்லை. இறங்கி, பெட்டியை இன்னும் கிட்டே தள்ளினேன். உள்ளே உட்கார்ந்தேன். இல்லை. பம்பரில் இடிக்கிற அளவுக்கு வைத்தேன். இல்லை. அப்படியென்றால் சென்சார் நல்லது, சத்தம் போடுகிற சின்ன டப்பாதான் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். டிக்கியைத் திறந்து, பக்கவாட்டு மூடியை எடுத்து, அந்த டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். சாவி போட்டபடி, கியர் ரிவர்ஸில், பெட்டி பின்னால் அப்படியே இருந்தது.

அடுப்படியிலிருந்து உன் அம்மா கரண்டியோடு வந்தாள். எனக்கு எதிரே வந்து நின்று கத்தினாள். "அத்த நிறுத்தித் தொலைக்க மாட்டீங்களா? காலைலேர்ந்து கொய்யினு கத்திகினே கீது. தல வெடிக்குது எனக்கு."

"இன்னா கத்துது?" என்றேன்.

"இன்னாவா? உங்க வண்டிதான்."

நான் கையை எடுத்துவிட்டு நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். அந்தக் கறுப்பு டப்பா என் மூக்குக்கு நேராக இருந்தது. விரலை வைத்தேன். அதிர்ந்துகொண்டிருந்தது.

"இப்ப கத்துதா?" என்று கேட்டேன்.

"தெருக்கோடி வரைக்கும் கேக்குதுங்க" என்றாள். அப்போது அவள் குரல் இறங்கிவிட்டது. உதடு அசைந்ததை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

சாவியை அணைத்துவிட்டுக் கார் நிழலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிவியை ஊரே கேட்கிற மாதிரி வைப்பதை, காலிங் பெல் அடித்தால் நான் எழுந்திருக்காததை, அவள் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவதை, ஒவ்வொன்றாகச் சொன்னாள். வயசானால் எல்லா ஆம்பிளையும் இப்படித்தான் என்று விட்டுவிட்டாளாம். எனக்கு அவற்றில் எதுவும் பெரிதாகப் படவில்லை. வேறொன்று உறுத்தியது. நீங்கள் இந்த வீட்டில் இருந்த ஒரு வருடமும், அந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை என்று நான் மனதுக்குள் குமைந்துகொண்டிருந்தேன். படித்த பெண், பேங்க் வேலை, பஸ் டிரைவரிடம் என்ன பேச்சு என்று இருக்கிறாள் என்று நினைத்தேன். யாரிடமும் வாய் விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"அந்தப் பொண்ணு காலைல வேலைக்குப் போம்போது எதனா சொல்லுமா?" என்று கேட்டேன்.

உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "தெனம் சொல்லும். 'மாமா, போய்ட்டு வரேன்'னு உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு சொல்லும். நீங்க பேப்பர்லேர்ந்து தலைய தூக்க மாட்டீங்க. சாய்ங்காலம் வந்தா, 'டீ போடட்டுமா மாமா'னு கேக்கும். அதுக்கும் பதில் கெடையாது."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"இன்னானு சொல்றது? கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க இன்னா இன்னா பேசனீங்கன்னு எனக்குத் தெரியாதா? புடிக்காமதான் மூஞ்ச திருப்பிகினு கீறீங்கன்னு நெனச்சேன். டில்லியும் அதான் நெனச்சான். அதனாலதான் கூட்டிகினு போய்ட்டான்."

நைனா, இந்த இடத்தை நான் மழுப்பக் கூடாது. நீ எஸ்தரைப் பற்றிச் சொன்னபோது நான் வேண்டாம் என்றதற்குச் சாதியைத் தவிர வேறு காரணம் இல்லை. அவர்கள் கோவில் வேறு என்று வெளியில் சொன்னேன், அது சும்மா. நம் ஊர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் என்ன சொல்லுவார்களோ என்று பயந்தேன். பிறகு நீ பிடிவாதமாக நின்றாய், நான் ஒத்துக்கொண்டேன். சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒத்துக்கொண்ட பிறகு எனக்குள் எதுவும் இல்லை என்றுதான் நினைத்தேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும், உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் பார்த்தது ஒரு முதுகைத்தான்.

மறுவாரம் செங்கல்பட்டுக்குப் போனேன். காரைத் தொடவில்லை, பஸ்ஸில் போனேன். காது டாக்டர் ஒரு அம்மாள். ஒரு சின்னக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். எங்கே கேட்பது? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா நேராகப் பார்த்து நிதானமாகச் சொன்னார். இன்ஜின் பக்கத்திலேயே இத்தனை வருடம் உட்கார்ந்ததில் உயர்ந்த ஸ்தாயிச் சத்தங்கள் போய்விட்டனவாம். லாரி ஹாரன் கேட்கும், ஆம்பிளைக் குரல் கேட்கும். மெல்லிய குரலும் கீச்சுச் சத்தமும்தான் கேட்காது. போனது போனதுதான், மெஷின் வைத்தால் கொஞ்சம் தேறும் என்றார். "பின்னாடி நின்னு பேசறத நீங்க நம்பவே கூடாது. யாராயிருந்தாலும் முன்னாடி வந்து பேசச் சொல்லுங்க" என்றார். நான் சரி என்றேன். ரிட்டயர் ஆன அன்று கூட என் உடம்பு இவ்வளவு கனமாக இருந்ததில்லை.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போக வேண்டும். கால் எஸ்தரின் பேங்குக்குப் போயிற்று. இதை அவள் உன்னிடம் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன், சொல்ல மாட்டேன் என்று சொன்னாள். கூட்டம் இருந்தது. வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ சொன்னாள். எனக்கு எதுவும் விழவில்லை. மறுபடி சொன்னாள். பின்னால் நின்றவர்கள் நெளிய ஆரம்பித்தார்கள்.

"எனக்குக் காது கேக்காதும்மா. கொஞ்சம் சத்தமா சொல்லு" என்றேன். நான் மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். மொத்த பேங்கும் திரும்பிப் பார்த்தது.

கிண்டல் செய்கிறேனோ என்று முதலில் பார்த்தாள். அப்புறம் பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து, சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சென்சாரைக் கழுவினதிலிருந்து, உன் அம்மா கரண்டியோடு வந்ததிலிருந்து, கண்ணாடி அறை வரைக்கும். டாக்டர் கொடுத்த காகிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

பிறகு நேரே என் முகத்தைப் பார்த்து, நன்றாகக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "காது கேக்கலன்னா சரி மாமா. நான் நம்பறேன். ஆனா எதிர்ல கூட எத்தினி தடவ வந்து நின்னேன். ஒரு நாளாவது நிமிந்து பாத்தீங்களா?"

காது கேட்காததற்கு டாக்டர் காகிதம் கொடுத்திருக்கிறார். பார்க்காததற்கு யார் கொடுப்பார்கள்? கண் எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ராத்திரி முழுக்க லைட் வெளிச்சத்தில் ரோட்டைப் பார்த்து ஓட்டின கண். "தப்புதாம்மா" என்றேன். அவள் அழவும் இல்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பஸ் எந்த நேரம் என்று கேட்டாள். திருக்கழுக்குன்றம் வண்டி நிற்கிற இடம் வரைக்கும் கூட வந்தாள். "இத நான் அவர்கிட்ட சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. அவரும் ரொம்ப ஒடஞ்சி போய்தான் கீறாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். உனக்குப் புத்தி சொல்ல இப்போது எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் இரண்டு சொல்கிறேன். நீ எப்போதும் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, பக்கத்து ஆளுக்குக் கேட்கிற அளவுக்குப் பாட்டு வைக்கிறாய். குறைத்துக்கொள். என் காது போன பாதையில் நீ வண்டியை விடாதே. இன்னொன்று, உன்னிடம் ஒருத்தர் பதில் சொல்லவில்லை என்றால், அவர் மனதில் இருப்பது இன்னது என்று நீயாக எழுதிக்கொள்ளாதே. எதிரே போய் நின்று கேள். நானும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை, உன் அம்மாவும் கேட்கவில்லை. கேட்க முயன்றது அந்தப் பெண் ஒருத்திதான், அவள் தினமும் முயன்றாள்.

உன் கேள்விக்குப் பதில் இதுதான். வேண்டுமென்று இடிக்கவில்லை. அவள் சொன்னது கேட்கவில்லை, கார் கத்தியதும் கேட்கவில்லை. ஆனால் சென்சாரில் பழி இல்லை. அது கத்திக்கொண்டுதான் இருந்தது.

ஸ்கூட்டியைச் சரி செய்து கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். முன் சக்கரம், கண்ணாடி, லைட் எல்லாம் புதுசு. காரை நான் இனி எடுக்கப் போவதில்லை. மெஷின் வைத்தாலும் எடுக்க மாட்டேன். அன்று பின்னால் இருந்தது ஸ்கூட்டி, அவள் அதன் மேல் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் சாவியைத் தொடக் கை வரவில்லை. இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை ஓட்டுவது. ஞாயிற்றுக்கிழமை வந்து காரை எடுத்துக்கொண்டு போ. வலது ஓரத்து சென்சாரின் சாக்கெட்டை மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பார், மறுபடி பச்சை பூக்கும்.

எஸ்தரைக் கூட்டிக்கொண்டு வா என்று நான் எழுதப் போவதில்லை. ஸ்கூட்டியை ஒரு சாக்காக வைத்து வரவழைத்தேன் என்று இருக்கக் கூடாது. வேண்டுமானால் நீயே அதையும் ஆள் வைத்துக் கொண்டுபோ. வருவதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும். வந்தால் எனக்கு வலது பக்கமாக உட்காரச் சொல். இன்ஜின் பக்கம் இருந்த இடது காதுதான் ரொம்ப மோசம், வலது கொஞ்சம் பரவாயில்லை.

அப்பா